ட்ரில்லுக்கு முன்னால் மாவுக்கட்டு

கேள்வி: தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் வார்டு, பிறகு ஓ.பி., இரவில் கேஷுவாலிட்டி. கேஸ் ஷீட் எழுதுவதும் ஸ்லாப் (பாதி மாவுக்கட்டு) போடுவதும்தான் என் வேலை. தியேட்டருக்குள் போனால் நோயாளியின் காலைத் தூக்கிப் பிடிப்பேன், ரிட்ராக்டர் பிடிப்பேன். சென்ற மாதம் முதன்முறையாக ட்ரில்லைக் கையில் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தகடு பொருத்த ஒரு துளை. ட்ரில்லின் துளையிடும் முனைக்கம்பி, அதாவது பிட், மறுபக்கம் பாய்ந்துவிட்டது. நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. உதவிப் பேராசிரியர் எதுவும் சொல்லாமல் ட்ரில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே கை குளிர்ந்துவிடுகிறது. “ஆர்த்தோவுக்கு உடல் பலம் வேண்டும்மா, நீ வேறு பிரிவு எடுத்திருக்கலாம்” என்கிறார் ஒரு சீனியர். தனியார் கல்லூரியில் படிக்கும் என் தோழி சேர்ந்த மாதமே செயற்கை எலும்பில் பயிற்சி பெற்றுவிட்டாள். கடன் வாங்கியாவது ஒரு கடாவர் (இறந்தவர் உடல்) பயிற்சி முகாமுக்குப் போகலாமா? லாக் புக்கில் ‘செய்தவை’ என்ற பகுதி காலியாகக் கிடக்கிறது. “எதையாவது எழுதி நிரப்பு, எல்லோரும் அப்படித்தான்” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

கடனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது அந்தத் துளைக்கு வருவோம். ட்ரில் பிட் மறுபக்கம் பாய்வது முதலாண்டுக் கைகள் எல்லாவற்றுக்கும் நேர்வதுதான். அதன் காரணம் உங்கள் நடுக்கத்தில் இல்லை, நீங்கள் கொடுத்த அழுத்தத்தில் இருக்கிறது. நீண்ட எலும்புக்கு இரண்டு கெட்டியான சுவர்கள், நடுவே மஜ்ஜை இருக்கும் குழாய். அந்தச் சுவரைத்தான் கார்டெக்ஸ் என்கிறோம். முதல் கார்டெக்ஸைக் கடக்க எவ்வளவு அழுத்தினோமோ அதே அழுத்தத்தோடு இரண்டாவதையும் கடந்தால், சுவர் விலகிய கணத்தில் கை தன் பாட்டில் முன்னே போய்விடும். எனவே பழக வேண்டியது இரண்டாவது கார்டெக்ஸைத் தொட்டவுடன் அழுத்தத்தைக் குறைப்பது. எப்போது தொட்டோம் என்பதைக் காது சொல்லும். முதல் சுவரில் ட்ரில்லின் சத்தம் கனத்து ஒலிக்கும், குழாய்க்குள் போனதும் இளகும், இரண்டாவது சுவரில் மறுபடி கனக்கும். அந்த மூன்றாவது மாற்றத்தைக் கேட்டதும் எடையைக் கையிலிருந்து எடுத்துவிட்டு, வெட்டும் வேலையைப் பிட்டிடம் விட்டுவிட வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பிட் மழுங்கியதாக இருந்திருக்கலாம். நம் தியேட்டர்களில் ஒரே பிட் எத்தனை எலும்புகளைப் பார்த்திருக்கும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. மழுங்கிய பிட் பாய்ச்சலைக் கூட்டும் என்பது சோதனைக்கூடங்களில் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. வெட்டாத பிட்டை நாம் அழுத்துகிறோம், அழுத்தினால் பாய்கிறது. பாயாவிட்டாலும் சூடேறும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமடையத் தொடங்கும் என்று எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1983-இல் காட்டினார்கள். அப்படிக் கருகிய துளையில் போட்ட ஸ்க்ரூ சில வாரங்களில் தளர்ந்துபோகலாம். ஆகவே அடுத்த முறை துளையிடும் முன் பிட்டின் முனையை விளக்கடியில் பாருங்கள். “சிஸ்டர், கூர்மையான 2.5 மி.மீ. பிட் இருக்கிறதா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பிட்டுக்கு ஸ்லீவ் (சுற்றியுள்ள தசையைக் காக்கும் குழல்) போட்டிருக்கிறதா, யாராவது சலைன் ஊற்றுகிறார்களா என்பதையும் பாருங்கள். ட்ரில் பிடிக்காத கை நோயாளியின் காலில் ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் இரண்டு கைகளால் எந்தச் சீனியராலும் பாயாமல் துளையிட முடியாது.

உதவிப் பேராசிரியர் ட்ரில்லை வாங்கிக்கொண்டது சரியே. எலும்புக்குப் பின்னால் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் இடம் அது. அவர் பேசாமல் இருந்ததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். அடுத்த நாளே போய், “சார், என் கையில் என்ன தவறு பார்த்தீர்கள்?” என்று நீங்கள் கேட்டிருக்கலாம். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இப்போது போய்க் கேளுங்கள்.

அதற்கு முன் கையைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நோயாளி தேவையில்லை. கறிக்கடையில் ஆட்டின் தொடை எலும்பையோ கால் எலும்பையோ முழுதாகக் கேட்டு வாங்குங்கள். மனித எலும்பைவிடச் சிறியதுதான், ஆனால் இரண்டு சுவரும் நடுவில் குழாயும் உண்டு. ஹார்டுவேர் கடையில் ஒரு சாதாரண ட்ரில்லும், எலும்பை இறுக்கிப் பிடிக்கப் பட்டறை வைஸ் ஒன்றும் போதும். எலும்பின் பின்பக்கம் ஒட்டினாற்போலத் தெர்மாகோல் கட்டி ஒன்றை வையுங்கள். துளையிட்ட பிறகு தெர்மாகோலில் விழுந்த குழியின் ஆழத்தை ஈர்க்குச்சியால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். முதல் நாள் கணக்கைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. சில வாரங்களில் அது எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். எலும்பு கிடைக்காத நாளில் மின்கம்பி போடும் பி.வி.சி. குழாய் போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பச்சை ஆட்டெலும்பில் புருசெல்லா கிருமி இருக்கக்கூடும், தூளும் தெறிக்கும். அந்த ட்ரில்லையும் பிட்டையும் மருத்துவமனைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இம்ப்ளான்ட் கம்பெனிக்காரர்களிடம் செயல்விளக்கத்துக்கான பழைய தகடும் ஸ்க்ரூவும் இருக்கும். துறைத்தலைவர் வழியாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பிறகு 2.5 பிட்டில் துளையிட்டு 3.5 கார்டிகல் ஸ்க்ரூ, 3.2 பிட்டில் துளையிட்டு 4.5 ஸ்க்ரூ என்று போட்டுப் பழகலாம். முன்பக்கச் சுவரை மட்டும் 3.5 பிட்டால் அகலப்படுத்தி லேக் ஸ்க்ரூ போட்டு, ரம்பத்தால் அறுத்த இரண்டு துண்டுகள் இறுகிச் சேர்வதைக் கண்ணால் பாருங்கள். படித்தபோது புரியாதது அப்போது புரியும்.

அளந்து எழுதுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை தேறிவிடும் என்று நம் துறையில் பலர் நம்புகிறார்கள். பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் எழுதியது அந்த நம்பிக்கைக்கு எதிரானது. தேர்ச்சி தருவது குறிப்பிட்ட குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, விளைவை உடனுக்குடன் அறிந்து, திருத்தித் திருத்திச் செய்யும் பயிற்சி. யாரும் பார்க்காமல், எதுவும் அளக்காமல் ஆயிரம் துளை போட்டால் தவறான பிடி ஆயிரம் மடங்கு உறுதிப்படும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். உங்களுக்கு வாய்ப்புக் குறைவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்திச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இது உங்கள் கல்லூரிக்கு மட்டும் உள்ள குறை இல்லை. எலும்பு அறுவைக்குக் கைப்பயிற்சி வேண்டும் என்பதை ஸ்விட்சர்லாந்தின் ஏ.ஓ. என்ற எலும்பு அறுவை மருத்துவர் குழுவினர் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1958-இல் குழு தொடங்கி, 1960-இல் டாவோஸ் நகரில் முதல் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வந்த மருத்துவர்கள் உரை கேட்டதோடு நிற்காமல் தாங்களே துளையிட்டுத் தகடு பொருத்திப் பழகினார்கள். ஆனால் அது தேர்ந்த மருத்துவர்களுக்கான வகுப்பு. புதிதாகச் சேரும் மாணவருக்கு முதல் நாளிலிருந்தே இது வேண்டும் என்று முறைப்படுத்த வெகுகாலம் ஆயிற்று. டொரான்டோ பல்கலைக்கழகம் 2009-இல் ஒரு சிறு மாணவர் குழுவோடு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தைத் தொடங்கியபோது, ஆரம்ப வாரங்களையே ஆய்வகத்துக்கு ஒதுக்கியது. அமெரிக்காவில் 2013 ஜூலை முதல், முதலாண்டு எலும்பு அறுவை மாணவர் அனைவருக்கும் அடிப்படைத் திறன் பயிற்சி கட்டாயமாயிற்று. அங்குள்ள தேர்வு வாரியம் அதற்கென 17 பயிற்சித் தொகுதிகளையும் வகுத்தது. அந்தத் தொகுதிகளில் ட்ரில்லும் தகடும் மட்டும் இல்லை. மாவுக்கட்டு, முறிவை நேர்ப்படுத்துதல், இழுவை, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமை (தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவதை) கண்டறிதல், சி-ஆர்ம் (அறுவையின்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) பயன்பாடு எல்லாம் உண்டு. அலுப்போடு நீங்கள் பட்டியலிட்ட வேலைகளில் பாதி அங்கே பாடமாக இருக்கிறது.

நம் நாட்டில் இது யூனிட் சீஃபின் மனதைப் பொறுத்தது. சில இடங்களில் நன்றாக நடக்கிறது, பல இடங்களில் ‘பார், பிடி, செய்’ என்ற பழைய வழிதான். அந்த வழியில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. முதல் துளைக்குக் காலைக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் இரண்டு சக்கர வாகனத்தில் அடிபட்ட கூலித் தொழிலாளி. கையெழுத்திட்ட படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கும் துணிவு அவருக்கு இருக்காது. அவருடைய எலும்பில் நாம் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம், வேறு வழியில்லை. ஆனால் ஆட்டெலும்பில் கற்றுக்கொண்டிருக்கக் கூடியதை அவர் எலும்பில் கற்றால் அது நியாயமில்லை.

சரி, மாவுக்கட்டு. முதலாண்டின் முக்கியப் பாடம் இதுதான் என்று நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பீர்கள். யோசித்துப் பாருங்கள். தியேட்டரில் நீங்கள் ட்ரில் பிடித்தால் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், தவறினால் வாங்கிக்கொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் கேஷுவாலிட்டியில் ஒரு சிறுவனின் முன்கைக்குக் கட்டுப் போடும்போது பக்கத்தில் யாருமில்லை. அவன் கை நேராகுமா என்பது முழுக்க உங்கள் பொறுப்பு. உங்கள் துறையில் நீங்கள் மட்டுமே முதன்மை அறுவை மருத்துவராக இருக்கும் இடம் அந்தக் கட்டு அறை.

அதற்கு மதிப்பெண் போடும் வழியும் இருக்கிறது. சிறுவர்களின் முன்கை முறிவுக்கு முழுக் கட்டுப் போட்ட பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தில் பக்கவாட்டுப் படத்தில் தெரியும் கட்டின் உள் அகலத்தை, நேர்ப் படத்தில் தெரியும் உள் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இதற்குக் காஸ்ட் இண்டெக்ஸ் என்று பெயர், 1994-இல் செஸ் என்பவரும் குழுவினரும் விவரித்தது. 0.7 அளவில் இருந்தால் நல்ல கட்டு. 0.8-ஐத் தாண்டினால் உள்ளே எலும்பு மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். முன்கை உருளை இல்லை, தட்டையானது. கட்டும் தட்டையாக அமைய வேண்டும். உருண்டையாகக் கட்டி, உள்ளே பஞ்சை அடைத்துவிட்டால் வெளியே அழகாகத்தான் இருக்கும், மூன்றாவது வாரம் எலும்பு கோணும். ஒவ்வொரு கட்டுக்கும் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பத்தாவது நாள் ஓ.பி.யில் அந்தக் குழந்தை வரும்போது வேறு யூனிட்டுக்குப் போய்விடாமல் நீங்களே எக்ஸ்ரேயைப் பாருங்கள். உங்கள் கையைத் திருத்தும் ஆசிரியர் அந்தப் படம்தான். செலவும் இல்லை.

கட்டின் நுணுக்கங்களை நான் எழுதுவதைவிட உங்கள் கட்டு அறையில் வேலை செய்யும் மூத்த ஊழியரிடம் கற்பது மேல். ஏறக்குறைய எல்லா அரசு மருத்துவமனையிலும் அப்படி ஓர் அண்ணன் இருப்பார். பேராசிரியர்கள் மாறிப் போவார்கள், அவர் மாறமாட்டார். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும், பட்டையை எப்போது பிழிய வேண்டும், எப்போது கை வைக்காமல் விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். விரல்நுனி என்று எழுதிவிட்டேன், கட்டை வடிவமைக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது. உள்ளங்கையால்தான் அழுத்த வேண்டும். விரல் பதிந்த பள்ளம் தோலில் புண்ணாக மாறும். சூடான நீரில் நனைத்தால் சீக்கிரம் இறுகும் என்பதற்காக வெந்நீர் கேட்காதீர்கள். மாவு இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும், அதோடு வெந்நீரும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும். புதிதாகப் போட்ட கனமான கட்டைத் தலையணைமேல் வைத்தாலும் அதே ஆபத்து, வெப்பம் வெளியேற வழியிருக்காது. அந்த அண்ணனிடம் கற்ற பிறகு உங்கள் தோழிக்குக் கட்டுப் போட்டு, அவரை உங்களுக்குப் போடச் சொல்லுங்கள். இறுகும் கட்டுக்குள் இருக்கும் கை எப்படி உணர்கிறது என்று தெரிந்தவர் போடும் கட்டு வேறு மாதிரி இருக்கும். பிளாஸ்டர் கட்டரையும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ளுங்கள். அந்தத் தகடு சுழல்வதில்லை, அதிர்கிறது. இழுத்துக்கொண்டே போகாமல் அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து நகர வேண்டும், இல்லையென்றால் தோலில் கோடு விழும்.

போட்ட கட்டை எப்போது பிரிக்க வேண்டும் என்பது போடுவதைவிடப் பெரிய திறன். உங்கள் ஊர்ப்பக்கம் நாட்டுக்கட்டுப் போட்டுக்கொண்டு, விரல்கள் கறுத்த பிறகு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்குச் சென்னையிலிருந்தே பஸ் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் உரிமை நமக்கு வருவது, நம் வார்டில் இறுகிய கட்டு ஒன்றுகூட விடியும்வரை அப்படியே கிடக்காது என்ற நிலை வந்த பிறகுதான். வலி ஊசி போட்ட பின்னும் கூடும் வலி, விரலை நாம் மெல்ல நீட்டினால் துடிக்கும் வலி, இவை இருந்தால் நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் நாடி கடைசிவரை இருக்கும். கட்டைத் தோல்வரை, உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்து, முழுதாகப் பிளந்து விரியுங்கள். மேலுள்ள மாவை மட்டும் கீறிவிட்டுப் போவது பயனில்லை. கையை இதய மட்டத்தில் வையுங்கள், மிக உயரத் தூக்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். பிறகு சீஃபை எழுப்புங்கள். நள்ளிரவில் எழுப்பியதற்காகத் திட்டும் சீஃப், எழுப்பாமல் விட்டதற்காகக் காலையில் அதைவிட மோசமாகத் திட்டுவார். அளவுக் கருவி இருந்தால், டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் தசைக்கூட்டின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகிறதா என்று பார்க்கலாம். கருவி இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

வார்டில் ஸ்டெயின்மன் பின் (இழுவை கட்டுவதற்காக எலும்புக்குக் குறுக்கே செலுத்தும் கம்பி) போட உங்களை விடுகிறார்களா? விட்டால் அதை வேண்டாவெறுப்பாகச் செய்யாதீர்கள். கையால் திருகும் அந்தப் பின், மின்சார ட்ரில் கற்றுத்தராத ஒன்றைக் கற்றுத்தருகிறது. வேகம் இல்லாததால் முதல் சுவர், குழாய், இரண்டாவது சுவர் மூன்றும் தனித்தனியாகக் கையில் உறைக்கும். முழங்காலுக்குக் கீழே டிபியாவில் போடும்போது வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, குதிகாலில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. நரம்பு இருக்கும் பக்கத்தில் நுழைந்தால் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பக்கமாக வெளியேறினால் நம் கையில் இல்லை. மரத்துப்போகும் ஊசியை எலும்புறைவரை, இரு பக்கமும் போடுங்கள். பின் வெளியே வரும் பக்கத்துக்குப் போட மறந்துவிடுவது நம் வார்டுகளில் தினமும் நடக்கும் கொடுமை.

உடல் பலம் பற்றிச் சொன்ன சீனியருக்கு உங்கள் சார்பாக நான் பதில் சொல்கிறேன். மணிக்கட்டு முறிவை நேர்ப்படுத்த முரட்டுத்தனம் தேவையில்லை. முழங்கையை ஒருவர் பிடித்துக்கொள்ள, சில நிமிடங்கள் விடாமல் ஒரே சீராக இழுத்தால் தசை தானே களைத்து இளகும். பிறகு கோணலை முதலில் சற்று அதிகமாக்கி, மாட்டிக்கொண்ட விளிம்பை விடுவித்து, கீழே தள்ள வேண்டும். பலசாலிகள் பலர் இதைத்தான் செய்யத் தவறுகிறார்கள், நேராக இழுத்துப் பார்த்துவிட்டு வியர்த்து நிற்கிறார்கள். தோள்மூட்டு விலகலுக்குத் தியோடர் கோக்கர் 1870-இல் விவரித்த முறையில் இழுவையே கிடையாது, முழங்கையை மடக்கித் திருப்புவதுதான். குப்புறப் படுக்கவைத்து எடை கட்டித் தொங்கவிடும் ஸ்டிம்சன் முறையில் வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. இடுப்பு மூட்டு விலகலுக்குக் கட்டில்மேல் ஏறி நின்று இழுக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் முழங்காலுக்கு அடியில் நம் முழங்காலைக் கொடுத்து, குதிகாலை உயர்த்தி நெம்பும் முறை ஒன்று இருக்கிறது. கேப்டன் மோர்கன் முறை என்பார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள மருத்துவரும் செய்யலாம். எந்த முறையானாலும் மயக்கமும் தசைத் தளர்ச்சியும் போதுமான அளவு இருக்க வேண்டும். பலம் வேண்டும் என்று சொல்கிறவர் பாதி நேரம் மயக்க மருத்துவருக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர். மேசை உயரத்தை உங்கள் முழங்கை மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஸ்டூல் போட்டு நில்லுங்கள். ஆறடி மனிதருக்காக ஏற்றி வைத்த மேசையில் யாருக்கும் கை வராது.

சி-ஆர்ம் பற்றிப் பெண் மருத்துவர் என்ற முறையில் உங்களுக்குக் கூடுதலாக ஒன்று. அமெரிக்கப் பெண் எலும்பு மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணப்பட்டது. கதிர்தான் காரணம் என்று அதைக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது, எச்சரிக்கையாக இருக்கப் போதுமானது. ஆண்களின் அளவில் தைத்த ஈய ஏப்ரன் உங்களுக்குத் தொளதொளவென்று இருந்தால், அக்குள் பக்கம் மார்பின் வெளிப்பகுதி மூடப்படாமல் இருக்கும். உங்கள் அளவுக்கு ஒன்று வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தைராய்டு காப்பையும், உங்கள்மேல் படும் கதிரின் அளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜையும் கேளுங்கள். கதிர் வெளிவரும் எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள், படம் பிடிக்கும் பக்கம் நில்லுங்கள். ஓர் அடி பின்னால் நகர்வது கூச்சப்பட வேண்டிய காரியமில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகிவிடும்.

பயிற்சி முகாமுக்குக் கடன் ஏன் வேண்டாம் என்றேன்? கடாவரில் பயில்வது மிக உயர்ந்த பயிற்சி, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எந்த வழியாக எலும்பை அணுகுவது என்ற கேள்வி மனதில் எழாத நிலையில் அங்கே போனால், இரண்டு நாள் ஆச்சரியப்பட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். இரண்டாம் ஆண்டில், சில அறுவைகளில் கைகொடுத்து, எங்கே தடுமாறுகிறோம் என்று தெரிந்த பிறகு போனால் கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும். முதலில் ஏ.ஓ.வின் அடிப்படை வகுப்புக்குப் போகலாம். இந்தியாவில் பல நகரங்களில் நடக்கிறது. மாநில எலும்பு மருத்துவச் சங்க மாநாடுகளையொட்டி நடக்கும் பட்டறைகளையும் கவனியுங்கள்.

அதுவரை உங்கள் துறைக்குள்ளேயே ஒன்றைத் தொடங்கப் பாருங்கள். சீஃபிடம் “எங்களுக்கு ட்ரெய்னிங் இல்லை சார்” என்று போனால் கோபம்தான் வரும். உங்கள் ஆட்டெலும்பையும் தெர்மாகோலையும் குறித்து வைத்த மில்லிமீட்டர் கணக்கையும் கொண்டுபோங்கள். “வாரத்தில் ஒரு மணி நேரம், செமினார் அறையில் முதலாண்டு பிஜிக்கள் பழகுகிறோம். மாதம் ஒருமுறை நீங்கள் வந்து எங்கள் கையைப் பார்த்துத் திருத்த வேண்டும்” என்று கேளுங்கள். மறுக்கும் பேராசிரியர் அபூர்வம். அவருக்கும் ட்ரில் பிடித்துக் காட்டப் பிடிக்கும். இரவு டியூட்டி முடித்த நாளில் மட்டும் பழகாதீர்கள், தூக்கமில்லாத கை தவறானதையே மனப்பாடம் செய்யும்.

தியேட்டரில் காலைப் பிடித்து நிற்பதையும் வீணாக்காதீர்கள். முந்தைய இரவே எக்ஸ்ரேயைப் பார்த்து, நோயாளியைப் படுக்கவைக்கும் நிலையிலிருந்து தையல்வரை படிகளைத் தாளில் எழுதுங்கள். எந்த அளவுத் தகடு, எத்தனை ஸ்க்ரூ, முதல் ஸ்க்ரூ எங்கே என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மறுநாள் உங்கள் தாளும் சீஃபின் கையும் எங்கே பிரிகின்றன என்று பார்த்து, அறுவை முடிந்ததும் அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். இடுப்பு முறிவுக்கு டி.எச்.எஸ். (தொடை எலும்பின் தலைக்குள் செலுத்தும் ஸ்க்ரூவும் தகடும்) போடும் நாளில், ஸ்க்ரூவின் முனைக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை இரண்டு படத்திலும் அளந்து கூட்டிப் பாருங்கள். உருப்பெருக்கத்தைச் சரிசெய்த பிறகு 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று பவும்கார்ட்னர் 1995-இல் காட்டினார். காலைப் பிடித்தபடியே கண்ணால் மதிப்பிடப் பழகுங்கள். உங்களிடம் ட்ரில் வரும் நாளில் கம்பி எங்கே போக வேண்டும் என்று கண் ஏற்கெனவே அறிந்திருக்கும்.

கடைசியாக லாக் புக். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். நாளைக்குத் தேர்வாளர் முன்னால் அதே பக்கத்தைத் திறந்து, “இந்த நெயிலிங்கில் நுழைவுப் புள்ளி எங்கே எடுத்தாய்?” என்று, எலும்புக் குழாய்க்குள் கம்பி செலுத்திய அறுவையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். தனியாகச் செய்ததில் நீங்கள் போட்ட கட்டுகளும் இழுவைப் பின்களும் நேர்ப்படுத்திய முறிவுகளும் வரும். நான்கு மாதத்தில் அந்தப் பகுதி நிச்சயம் காலியாக இருக்காது. அதன் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் யார் என்ன திருத்தம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். சென்ற மாதத்து அந்தத் துளைக்கு எதிரே உதவிப் பேராசிரியர் சொல்லப்போகும் பதிலை எழுத இடம் விட்டு வையுங்கள். நாளை காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்டுவிடலாம்.